களுதாவளைக்குக் கொண்டுபோன தொப்பி

மூளையின் மின்சாரத்தை அளக்கும் கருவியைக் கருவாட்டு மூட்டைக்கு அடியில் வைத்துத்தான் மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். கொழும்பில் பஸ் ஏறும்போது பை என் மடியில்தான் இருந்தது. வழியில் கூட்டம் ஏறியதும் நடத்துநர் அதைப் பிடுங்கி என்ஜின் பக்கம் வைத்தார். அடுத்த ஊரில் ஏறிய ஒருவர் தன் மூட்டையை அதன்மேல் போட்டார். நான் போட்ட கூச்சலுக்கு நடத்துநர் சிங்களத்தில் ஏதோ பதில் சொன்னார். பக்கத்து இருக்கைப் பெண் அதைத் தமிழாக்கித் தந்தார். "கருவாடு பாரமில்லையாம். பயப்பட வேணாமாம்."

பாரம் இல்லைதான், நாற்றம் இருந்தது. கடல் இருக்கிற ஊருக்கு எதற்கு வெளியூர்க் கருவாடு என்று கேட்டேன். நீர்கொழும்புக் கருவாட்டின் ருசியே வேறு என்று மூட்டைக்காரர் எனக்கு விளக்கினார். மட்டக்களப்பில் இறங்கிப் பையைத் திறந்தபோது கருவி உயிரோடு இருந்தது. தொப்பிதான் கெட்டுப்போயிருந்தது. இழுத்தால் நீளும் துணியில் சின்னச் சின்ன உலோக வில்லைகளைத் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வயரைக் கோத்த தொப்பி அது. இரண்டு முறை சோப்புப் போட்டு அலசியும் வாடை போகவில்லை.

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே ஒருவரும் நம்பவில்லை. மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூளை அலைகளைப் பதிவு செய்வது என் வேலை. பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கு, நாம் பேசுவது புரிகிறதா? இதுதான் எங்கள் ஆய்வு. மதுரையில் ஒரு தொகுதி ஆட்களைப் பதிவு செய்து முடித்தாயிற்று. மட்டக்களப்பிலும் ஒரு தொகுதி வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். பக்கவாதத்துக்கு அங்கே பாரிசவாதம் என்று பெயர். பெயர் மாறினாலும் வீட்டு மூலையில் கிடக்கும் கட்டில் அதே கட்டில்தான்.

முறை எளிது. தொப்பியைத் தலையில் மாட்டி, காதில் வாக்கியங்களைக் கேட்கவைப்போம். 'மீன்காரன் வாவியில் வலை வீசினான்' என்று ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து 'மீன்காரன் வாவியில் கட்டில் வீசினான்' என்று இன்னொன்று. கட்டில் என்று கேட்டதும், அர்த்தம் புரிகிற மூளை அரை நொடிக்குள் முகம் சுளிக்கும். அலையில் அது ஒரு சின்ன இறக்கமாகத் தெரியும். புரியாத மூளைக்கு வலையும் ஒன்றுதான், கட்டிலும் ஒன்றுதான்.

ஆனால் அந்த இறக்கம் மிகச் சின்னது. ஒரு வாக்கியத்தில் கண்ணுக்கே தெரியாது. ஏராளமான வாக்கியங்களைக் கூட்டி வகுத்தால் லேசாக எட்டிப் பார்க்கும். ஏராளமான ஆட்களையும் கூட்டி வகுத்தால்தான், 'இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் புரிகிறது' என்று தைரியமாக எழுதலாம். ஒருவரை மட்டும் காட்டி, இவருக்குப் புரிகிறதா என்று கேட்டால் எங்களிடம் பதில் கிடையாது. பேசிச் சிரித்து நடமாடுகிறவர்களிலேயே சிலருக்கு அந்த இறக்கம் வருவதில்லை. எனக்கே ஒழுங்காக வராது.

முதல் நாள் ஜெசிந்தா வீட்டில் தங்கினேன். அவர் அந்த ஊர்ப் பேச்சுப் பயிற்சியாளர். பேச்சிழந்தவர்களுக்கு மறுபடி வாயைப் பழக்குகிறவர். எங்கள் வாக்கியங்கள் எல்லாம் அவர் குரலில்தான் பதிவாகியிருந்தன. காலையில் தேங்காய்ப் பூ தூக்கலாகப் போட்ட பிட்டும் இறால் கறியும் வைத்தார். இட்லிக்குப் பழகிய வயிறு முதலில் திகைத்தது, பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கியது. ஜன்னலைத் திறந்தால் வாவி. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரிக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

மறுநாள் களுவாஞ்சிக்குடிக்குப் போனோம். ஒரு பொதுக் கட்டடத்தில் அறை கொடுத்திருந்தார்கள். மின்விசிறியைப் போட்டால் அதன் இரைச்சல் அலையில் ஏறுகிறது. நிறுத்தினால் வியர்வை வழிந்து அலையே சரிகிறது. மதுரையில் குளிரூட்டிய அறையில் செய்ததை இங்கே விசிறியைப் போட்டும் நிறுத்தியும் செய்தோம். ஒரு பதிவு முடிந்ததும் பிளேன்டீ, வடை, அடுத்த தலை. வந்தவர்கள் எல்லோரும் தொப்பியை மோந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

மத்தியானம் தங்கமலர் அக்கா வந்தார். களுதாவளையிலிருந்து ஆட்டோவில், கணவர் தம்பிராசாவை அணைத்துக் கூட்டிக்கொண்டு. அவர் வாவியில் இறால் பிடித்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை தோணியிலேயே விழுந்துவிட்டார். வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. பிடித்து நடத்தினால் நடப்பார், ஊட்டினால் சாப்பிடுவார். கண் திறந்தே இருக்கும்.

"இவரோட நான் விடிஞ்சா பொழுதுபட்டா கதைக்கிறன் டொக்டர்" என்றார் தங்கமலர் அக்கா. "என்ட தம்பி சொல்றான், செவரோட கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியே எண்டு. அக்கம்பக்கத்து ஆக்களும் அதத்தான் நினைக்காங்க. எனக்கு ஒண்டுதான் தெரியோணும். நான் சொல்லுறது இவருக்கு விளங்குதா, இல்லயா?"

நான் டாக்டர் இல்லை என்று சொன்னேன். இது வைத்தியம் இல்லை என்றேன். ஒரு ஆளைப் பற்றித் தனியாகச் சொல்ல முடியாது, பல பேரைச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வோம் என்றேன். ஜெசிந்தா அதையே அவருடைய பேச்சில் மறுபடி சொன்னார். எல்லாவற்றுக்கும் தங்கமலர் அக்கா "ஓம், விளங்குது" என்று தலையாட்டினார். அந்த ஓம் எனக்குத் தெரியும். மதுரையில் 'சரிங்க மேடம்' என்பார்கள்.

ஆனால் தம்பிராசாவுக்குத் தொப்பி போட முடியவில்லை. தலைமுடி தோள்வரை அடர்ந்து கிடந்தது, நல்லெண்ணெயில் ஊறி. வில்லைக்கும் தோலுக்கும் நடுவே உப்புப் பசை இறங்கவேண்டும். எத்தனை வகிடு எடுத்தும் இறங்கவில்லை. இவ்வளவு முடி எதற்கு என்று கேட்டேன்.

"பிள்ளையாருக்கு நேந்து விட்டிரிக்கு" என்றார் தங்கமலர் அக்கா. "முதல்ல, இவர் கதைச்சா கோயில்ல முடி இறக்கிறன் எண்டு நேந்தன். ஒரு வருஷம் பாத்தன், கதைக்கல்ல. மறுகா பிள்ளையாரோட பேசிக் குறைச்சன். கதைக்காட்டியும் போகுது, நான் கதைக்கிறது விளங்கினாப் போதும், அண்டைக்கு இறக்கிறன் எண்டன். அதான் ஒள்ளுப்பம் கூட வெட்டாம வச்சிரிக்கன்."

நான் முடிந்தவரை தன்மையாகச் சொன்னேன்: இந்த முடியில் கருவி வேலை செய்யாது, பரவாயில்லை, வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நேர்த்திதான் முக்கியம், வீட்டுக்குப் போங்கள். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், கணவரின் தலையைப் பார்த்தார், ஆட்டோவை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை படுவான்கரைக்கு, அதாவது வாவியின் மேற்குக் கரைக்குப் போனோம். எழுந்து வரமுடியாத ஒருவரை அவர் வீட்டிலேயே பதிவு செய்யவேண்டியிருந்தது. அக்கரைக்கு ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப் போகும் மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். போகும்போது பாதை ஒழுங்காகப் போயிற்று. திரும்பும்போது நட்டநடு வாவியில் என்ஜின் நின்றுவிட்டது. ஓட்டியவர் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஒரு பீடி பற்றவைத்தார். மதுரையில் டவுன் பஸ் நின்றால் டிரைவரைத் திட்டிவிட்டு இறங்கி நடப்போம். இங்கே எங்கே இறங்குவது?

வட்டை என்று அங்கே சொல்லும் வயலில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கமக்காரர், சேற்றுக் காலோடு, எங்கள் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவிடம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "இதப் போட்டா மனசில இரிக்கிறது தெரியுமா மிஸ்?" என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப என்னத்துக்கு மெனக்கெட்டுக் கொண்டு திரியிறீங்க? தெரியுமெண்டா எங்கட மனிசிட தலையில ஒருக்காப் போட்டுப் பாப்பம் எண்டு இரிந்தன்." பாதையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் அவர் கேட்டது போகவில்லை. என்னத்துக்கு மெனக்கெட்டுக் கொண்டு திரிகிறேன்?

களுவாஞ்சிக்குடிக் கட்டடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வாசற்படியில் தங்கமலர் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒரு மனிதர். தலை முழுக்கச் சந்தனம் பூசி, அது வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. தம்பிராசா என்று தெரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. காலையிலிருந்து காத்திருக்கிறார்களாம்.

"முடி இடைஞ்சல் எண்டு சொன்னீங்க" என்றார் தங்கமலர் அக்கா. "விடியக் காலத்தால ஆளக் கூப்பிட்டு வீட்டிலயே இறக்கினன். வெள்ளச் சீலைய விரிச்சு, ஒரு மயிரும் நிலத்தில விழாமப் புடிச்சு முடிஞ்சு வச்சிரிக்கன். விளங்குதெண்டு நீங்க சொன்னா அதக் கோயிலுக்குக் கொண்டு போவன். பிள்ளையார் பொறுப்பார்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஜெசிந்தா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் இல்லை, வைத்தியம் இல்லை, ஒருவருக்கென்று பதில் இல்லை. மறுபடியும் ஓம். முடி போய்விட்டது. இனி பதிவு செய்யமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

சந்தனத்தை ஈரத் துணியால் நான்தான் துடைத்தேன். குளிர்ச்சிக்காகப் பூசியது. துடைக்கத் துடைக்க அடியில் சவரக்கத்தி கீறிய இடங்கள் தெரிந்தன. உப்புப் பசை கீறலில் பட்டால் எரியும். முதல் வில்லைக்கே தம்பிராசா முகத்தைச் சுளித்தார். "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று சொன்னேன். மோவாய் வாரை மாட்டும்போது மூக்கை விரித்துத் தொப்பியை மோந்தார். "பாத்தீங்களா, கருவாடெண்டு தெரியுது" என்றார் தங்கமலர் அக்கா. மூக்கு வேறு, சொல் வேறு என்று நான் விளக்கவில்லை.

பதிவு அருமையாக வந்தது. அதுதான் கொடுமை. மழித்த தலையில் அலைகள் அத்தனை சுத்தமாக ஓடின, மதுரையில்கூட அப்படி வந்ததில்லை. தங்கமலர் அக்காவை மூலையில் உட்காரவைத்து, என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒலிபெருக்கியில் ஜெசிந்தாவின் குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. அம்மா அடுப்பில் சோறு ஆக்கினாள். அண்ணன் சந்தையில் மேகம் வாங்கினான். தம்பிராசா எதிர்ச்சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்தபடி இருந்தார்.

பாதிக்கு மேல் போனபிறகு அந்த வாக்கியம் வந்தது. மீன்காரன் வாவியில் கட்டில் வீசினான்.

தங்கமலர் அக்கா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு என்னை மறந்து, அறையை மறந்து, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார். "இஞ்சாருங்க, கேட்டீங்களா? கட்டிலாம். எங்கட கட்டிலையும் கொண்டுபோய் வீசுவமா?"

தம்பிராசா கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் அத்தனை கோடுகளும் எகிறிக் குதித்தன. நான் கையைக் காட்டி அக்காவை அமைதிப்படுத்தினேன். எழுந்துபோய் தம்பிராசாவின் தலையைப் பிடித்து மெதுவாகப் புள்ளியின் பக்கம் திருப்பினேன்.

நாலாம் நாள் ஜெசிந்தா வீட்டு மேசையில் பதிவுகளைச் சுத்தம் செய்தோம். எங்கள் வேலையில் பெரும்பகுதி இந்தச் சுத்தம்தான். கண் அசைந்தால், கழுத்துத் திரும்பினால், பல்லைக் கடித்தால், தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை மூழ்கடித்துவிடும். அந்தத் துண்டுகளைக் கருவியே சிவப்பில் காட்டும். ஒவ்வொன்றாக வெட்டி எறிவோம். எறியாமல் விட்டால் கழுத்துத் தசையைப் பார்த்து மூளை என்று எழுதிவிடுவோம். இது நல்ல விதி. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

தம்பிராசாவின் பதிவில் ஒரே ஒரு இடம்தான் நீளமாகச் சிவந்திருந்தது.

"இந்த இடத்தையுமா அக்கா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"கழுத்து திரும்பியிருக்கு. கண்ணும் அசைஞ்சிருக்கு. அதோட பதிவில இல்லாத பேச்சு" என்றேன்.

"அவர் அவட பக்கம்தானே திரும்பினார்?"

"குரல் கேட்டுத் திரும்பியிருக்கலாம். சொன்னது புரிஞ்சு திரும்பினாரா, சத்தத்துக்குத் திரும்பினாரா? இதை வச்சு எப்படிச் சொல்ல?"

நான் வெட்டினேன். மிச்சத்தைக் கூட்டி வகுத்துப் பார்த்தோம். இறக்கம் இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. அச்செடுத்த காகிதத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தால் இருப்பதுபோல் தெரிந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். இத்தனை வருஷமாக மனிதத் தலைகளில் வயரைக் கோக்கிறேன். வாசற்படியில் காத்திருந்த ஒருத்தி கேட்கிற ஒரே கேள்விக்கு என் தொழிலில் பதில் இல்லை.

"இருக்கெண்டு சொல்லிப் போடுங்க அக்கா" என்றார் ஜெசிந்தா, சோற்றைப் பிசைந்துகொண்டே. "என்ன குறையப் போகுது? அந்த மனிசி கோயிலுக்குப் போய் நிம்மதியா வரும்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அவர் பிள்ளையாரிடம் பேரம் பேசிய பெண். இரண்டு வருஷம் காத்திருந்து, பாதிக்குக் குறைத்து, அந்தப் பாதிக்கும் முடியை வளர்த்தவர். அவரிடம் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால், அந்த உண்மை என் கையில் இல்லை.

ஐந்தாம் நாள் புறப்படுவதற்கு முன் களுதாவளைக்குப் போனோம். சாப்பிடாமல் போகக்கூடாது என்று தங்கமலர் அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். நண்டுக் கறி, முருங்கையிலைச் சொதி, சிவப்பரிசிச் சோறு. தம்பிராசா சுவரோரம் நாற்காலியில் இருந்தார். மொட்டைத் தலையில் புதிதாகச் சந்தனம் பூசியிருந்தது. கீறல்கள் காய்ந்திருந்தன. தங்கமலர் அக்கா எங்களுக்குப் பரிமாறிக்கொண்டே அவருக்கும் ஊட்டினார். "இண்டைக்கு நண்டு சதையாத்தான் இரிக்கு, என்ன? நீங்க புடிக்கிற நண்டு மாதிரி வராது" என்று அவரிடம் சொன்னார். பதிலுக்குக் கொஞ்சம் இடம் விட்டுவிட்டு அடுத்த வாயை ஊட்டினார்.

நான் கை கழுவி வந்ததும் அவர் கூரையின் வளைமரத்தைக் காட்டினார். அங்கே ஒரு வெள்ளைச் சீலை முடிச்சுத் தொங்கியது.

"முடி அதுக்குள்ளதான் இரிக்கு டொக்டர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவம் எண்டு நினைச்சிரிக்கன். கொண்டு போகவா, வேணாமா?"

வழியில் நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. எல்லோருடைய பதிவையும் சேர்த்துப் பார்த்தபிறகு என்று தொடங்கும். அதை ஆரம்பித்தேன், பாதியில் எனக்கே வெட்கமாக இருந்தது. நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"எனக்குத் தெரியலை அக்கா. புரியுதுன்னும் சொல்ல முடியலை, புரியலைன்னும் சொல்ல முடியலை. எங்க கருவியால இவ்வளவுதான்."

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. என்மேல் இரக்கப்படுகிறவர் மாதிரி ஒருமுறை தலையாட்டினார். எட்டி அந்த முடிச்சைத் தொட்டு, வளையோடு இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"பரவாயில்ல. மறுகாவும் வளரட்டும்" என்றார்.

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. பையைத் தூக்கித் தோளில் போட்டேன். வாசலைத் தாண்டும்போது உள்ளே அவர் கணவரிடம் சொல்வது கேட்டது.

"இஞ்சாருங்க, டொக்டருக்கும் தெரியாதாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். தம்பிராசா கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் நான் வெட்டி எறிந்தது அந்தப் பார்வையைத்தான்.